நிரப்பிப் பார்த்துத்தான் தருவார்

நான் கல்லூரியில் படித்த காலத்தில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒன்பது செல்போன் கடைகள் இருந்தன. எட்டுக் கடையில் மெமரி கார்டு கேட்டால் மெமரி கார்டு கொடுப்பார்கள். ஒன்பதாவது கடை, உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். அவரிடம் கேட்டால் "நாளைக்கு வா" என்பார்.

கார்டு இல்லாமல் இல்லை. அவர் தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கும். கேட்டவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார், அக்காவைப் பார்ப்பார், மறுபடி தலையைத் தூக்குவார்.

"தோ கீதே?"

"கீது. இன்னும் நெறச்சுப் பாக்கல."

பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதில் பாதிப் பேர் ஒரு மாதம் கழித்து, கல்யாண வீடியோவோ காதுகுத்து போட்டோவோ காணாமல் போன கார்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடமே வருவார்கள். அவர்களிடம் அவர் 'சொன்னேன்ல' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கார்டை வாங்கி வைத்து, நிரப்பிப் பார்த்துவிட்டு மறுநாள், "முப்பத்திரண்டு" என்பார். கார்டின் மேல் 512 என்று அச்சடித்திருக்கும்.

போலிக் கார்டு என்பது அதுதான். மேலே ஐந்நூற்றுப் பன்னிரண்டு, உள்ளே முப்பத்திரண்டு. போனில் போட்டால் போனும் ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்றுதான் காட்டும், ஏனென்றால் போன் கார்டையே விசாரிக்கிறது. முதல் முப்பத்திரண்டு ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதற்குமேல் போடுகிற படமெல்லாம் பட்டியலில் பெயரோடு நிற்கும், திறந்தால் ஒன்றும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கக் குறுக்கு வழி கிடையாது. முழுக்க நிரப்ப வேண்டும். நிரப்பியதை முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும்.

கடை வைப்பதற்கு முன்னால் அக்கா நெல் கொள்முதல் நிலையத்தில் சீசன் வேலை பார்த்தவர். மூட்டையில் குழாய் ஊசியைக் குத்தி உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துக் காட்டுகிற வேலை. அங்கிருந்து அவர் கொண்டுவந்த பழமொழி ஒன்றுதான்: "மூட்ட மேல எழுதறவன் ஒருத்தன், உள்ள போடறவன் ஒருத்தன்."

கார்டை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கடை வாசலில் ஒரு கேமரா வைத்திருந்தார். அதில் பதிவான ஒரு வீடியோவில், ஒரு மாடு இரண்டு மணி நேரம் நின்று சுவரொட்டி தின்னும். கார்டு நிரம்பும் வரை அதையே நகல் எடுப்பார். மாடு ஒன்று, மாடு இரண்டு என்று எண் போடுவார். கடைசி மாட்டைத் திறந்து, அது சுவரொட்டியை முடித்துவிட்டு நகர்கிற இடம் வரை பார்ப்பார். நகர்ந்தால் கார்டு நல்லது. மற்ற மாடுகளையெல்லாம் அழித்துவிட்டு, கடைசி மாட்டை மட்டும் சாட்சிக்கு விட்டுவைப்பார். உண்மையான அளவைச் சின்னச் சீட்டில் எழுதி உறையில் ஒட்டிவிடுவார்.

"இன்னாத்துக்குக்கா மாடு? பாட்டு போடலாமில்ல?"

"பாட்டு போட்டா கேசு வரும். படம் போட்டா கேசு வரும். மாடு வராது."

அவர் எங்கள் ஊர்க் காலனிக்காரர். உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். ஒரே ஊர் என்றாலும் நான் அவரிடம் முதலில் பேசியது அந்தக் கடையில்தான். ஊருக்குள் எங்கள் தெருவுக்கு அவர் வர வேலையில்லை, காலனிக்கு நான் போக வேலையில்லை என்று வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் நான் ஒரு பழைய போனில் லினக்ஸ் என்கிற கம்ப்யூட்டர் இயங்குதளத்தை ஏற்றியிருந்தேன். எல்லாப் போனுக்கும் அடியில் இருப்பது லினக்ஸ்தானே என்று வகுப்பில் யாராவது சொன்னால் அரை மணி நேரம் பேசுவேன். அது அடியில் இருப்பது; என்னுடையதில் மேலேயும் அதுதான். கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரியே முழுதாக ஓடியது. கேமரா வேலை செய்யவில்லை. யாராவது கூப்பிட்டால் மணி அடிக்காது. மற்றபடி அருமையான போன்.

அதற்கு 512 ஜிபி கார்டு வேண்டுமென்று போனேன். அக்கா போனின் அட்டைப் பெட்டியைக் கேட்டார். கொடுத்தேன். படித்தார்.

"நூத்தி இருவத்தெட்டு வரிக்கும்தான்னு போட்டுக்கீது."

"அது சும்மாக்கா. போன் வந்த காலத்துல அதவிடப் பெருசு கடையில கெடைக்கல, அதனால அப்படிப் போட்டாங்க. ரெண்டு டெராபைட் வரைக்கும் ஒரே வகை கார்டுதான். ஏத்துக்கும்."

அவர் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "கம்மியா எழுதி வச்சுட்டு அதிகமா புடிக்கிறத இப்பத்தான் மொத வாட்டி பாக்கறேன்" என்றார். என் போன் மீது அவருக்கு மரியாதை வந்தது அப்போதுதான். நாளைக்கு வா என்றார்.

மறுநாள் கார்டை வாங்கி, அங்கேயே போனில் போட்டு, லினக்ஸ் முறையில் ஃபார்மேட் செய்தேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்த வேற போன்ல போட்டா இன்னா ஆவும்?"

"படிக்கத் தெரியாதுக்கா. கார்டு சரியில்ல, ஃபார்மேட் பண்ணட்டான்னு கேக்கும்."

"ஆமான்னு அமுக்கினா?"

"போச்சு."

"ஆமான்னுதான் அமுக்குவாங்க" என்றார் அக்கா.

நான் அவருக்குச் செய்த ஒரே உபகாரமும் அந்த வாரம்தான் நடந்தது. சில போலிக் கார்டுகள் கடைசியை நன்றாக வைத்துக்கொண்டு முதலில் போட்டதைத் தின்றுவிடும், அதனால் கடைசி மாட்டை மட்டும் பார்த்தால் போதாது, எல்லா மாட்டையும் அசலோடு ஒப்பிட வேண்டும் என்றேன். அவர் தலைக்கு மேலே தொங்கிய வரிசையை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை விற்ற கார்டுகளை நினைத்திருப்பார். நான் அதற்கு ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தேன். எந்த ஃபைலைக் காட்டினாலும் அதை எண் போட்டு நிரப்பி, ஒவ்வொன்றையும் ஒப்பிட்டு, ஒரு பைட் மாறினாலும் நின்றுவிடும். என் போனை வயரில் சொருகி ஃபைலை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து என்னை 'இஞ்சினீரு' என்று கூப்பிட்டார். கிண்டலா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை உரக்கடைக்காரர்தான் சொன்னார். பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் பஸ் ஏறிப் போய், அந்தக் கம்பெனி கேட்டுக்கு எதிரே நின்றிருக்கிறார். ஷிப்டு விட்டது. கடைசி ஆள் வெளியே வந்து, வாட்ச்மேன் கேட்டைச் சாத்தும் வரை நின்றார். மாப்பிள்ளை வரவில்லை. திரும்பிவந்து, "வர்ல" என்று ஒரே வார்த்தை சொன்னாராம். விசாரித்ததில், பையன் அங்கே வேலை பார்த்தது உண்மைதான், போன வருஷம்.

"லீவு போட்டிருப்பான்னு யாருக்காவது தோணுமில்ல?" என்று அக்காவிடமே கேட்டேன்.

"தோணுச்சு. மூணு நாளு போனேன்."

இப்போது சுடுகாட்டுப் பாதைக்கு வருகிறேன்.

காலனிக்குச் சுடுகாடு இருந்தது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. நடுவில் வயல். யாராவது செத்தால் வரப்பு மேல் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த வரப்பில் கடைசிப் பகுதி, சுடுகாட்டை ஒட்டினாற்போல் இருப்பது, என் பெரியப்பாவுடையது. அக்காவின் அப்பா இறந்தது கார்த்திகை மழையில். வயலில் முட்டி அளவு தண்ணீர். தூக்கியவர்களில் ஒருவருக்கு வரப்பு வழுக்கி, பாடை சாய்ந்து, அவர் அப்பா நாற்றுக்குள் விழுந்தார். இதை அக்கா என்னிடம் ஒரே தடவை, ஒரு கார்டுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டே சொன்னார். "எழுந்து நடந்து போயிருந்தாக்கூட அவ்ளோ சேறு ஆயிருக்காது" என்றார். பிறகு, "அம்மா கீது. அதுவாவது நேரா போவணும்" என்றார்.

அவர் அம்மாவுக்கு அப்போதே நெஞ்சு சரியில்லை. கடைக்குச் சோறு கொண்டுவரும்போது நின்று நின்றுதான் வரும். உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பித்துவிடும்.

"இந்தப் பொண்ணு என்னைச் சாவ வுட மாட்டேங்குது. ரோடு வரட்டும்னுது."

"வரட்டுமே. இன்னா அவசரம்?"

"நீ கார்டு விக்கற மாதிரியே என்னையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்லிக்கினு கீற."

கிராம சபைக் கூட்டத்தில் பாதை பற்றி ஒன்றிய அதிகாரி வந்து பேசப்போகிறார் என்று தெரிந்தபோது அக்கா என் போனைக் கேட்டார்.

"உன் போன்ல கால் வராதில்ல?"

"வராதுக்கா."

"அப்ப நடுவுல பதிவு நிக்காது. அதான் வோணும்."

பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். நான் மைக் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இருக்கிறதிலேயே உயர்ந்த தரத்தில் ஒலிப்பதிவு செய்தேன். இடம்தான் ஐந்நூற்றுப் பன்னிரண்டு இருக்கிறதே. இரண்டு மணி பத்து நிமிடம், மூன்று ஜிபி. பக்கத்துத் தெருவில் கோழி கூவியதுகூட விழுந்திருந்தது.

அதிகாரி மைக்கில் சொன்னார்: பன்னிரண்டு அடி அகலம், கிராவல் பாதை, சுடுகாடு வரைக்கும், அடுத்த கிராம சபைக்குள் வேலை ஆரம்பம். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டதும் என் பெரியப்பாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துபோய் மைக்கை வாங்கினார். "என் வரப்புல ஆறடி போனா போவுது. பொது காரியம். நானே கல்லு நட்டுத் தரேன்" என்றார். அவருக்கு இன்னும் பெரிய கைதட்டல். என் அப்பா மட்டும் தட்டவில்லை, பெரியப்பாவைத் தெரிந்தவர்.

கூட்டம் முடிந்ததும் அக்கா, "உன் போன கடையில வுட்டுட்டுப் போ" என்றார். மறுநாள் திருப்பிக் கொடுத்தார்.

"கேட்டீங்களா?"

"கடசி வரிக்கும்."

பேச்சு அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துக் காலனிக்காரர்கள் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தார்கள். 'பாதை குறித்துப் பரிசீலிக்கப்படும்' என்று ஒரு வரி இருந்தது. பெரியப்பாவைக் கேட்டால், "யோசிக்கலாம்னு சொன்னேன். யோசிச்சுக்கினுதான் கீறேன்" என்றார். பதிவு இருக்கிறது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். ஊராட்சியில் எழுத்து வேலை பார்க்கும் கிளார்க் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "குடும்மா, கேட்டுட்டு அதுல கீற மாதிரியே எழுதிடறேன்" என்றார். நல்ல மனுஷர். உண்மையாகவே எழுதத்தான் கேட்டார்.

போனைக் கொடுத்தால் அவருக்கு இயக்கத் தெரியாது. கார்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

லினக்ஸ் கார்டை வேறு போன் படிக்காது என்று அத்தனை பேருக்கும் வகுப்பெடுத்தவள் நான். கொடுக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை. பஸ் ஏறிப் பாதி வழியில் நினைவுக்கு வந்தது. இறங்கித் திரும்பி ஓடினேன்.

"காலியாத்தான் கீதும்மா" என்றார் கிளார்க் அண்ணன். "மொதல்ல கார்டு சரியில்ல, சரி பண்ணட்டான்னு கேட்டுச்சு. பண்ணுன்னேன். இப்ப சூப்பரா கீது."

அன்று கடைக்கு நான் போனது அழுவதற்காகத்தான். அக்கா ஒரு லாரி டிரைவரிடம் சார்ஜர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் போகும் வரை நின்று, பிறகு சொன்னேன். எல்லாம் சொன்னேன். பெரியப்பா வரப்பு என்பதால் வேண்டுமென்றே கொடுத்தேன் என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று ஒரு பயம். அதையும் சொல்லிவிட்டேன்.

அக்கா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரின் அடியிலிருந்த சர்க்கரையையும் ஆட்டிக் குடித்தார்.

"ஆமான்னுதான் அமுக்குவாங்கன்னு சொன்னேன்ல" என்றார். அவர் வாயிலிருந்து 'சொன்னேன்ல' கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பிறகு கொக்கியிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தார். விற்பனைக்கு இருப்பது. 64 ஜிபி, சீட்டு ஒட்டியிருந்தது. "போட்டுப் பாரு" என்றார். போட்டேன். மாடு இல்லை. ஒரே ஒரு ஃபைல். பெயர்: கிராமசபை 19.

"மாடு எங்கக்கா?"

"மாட்ட நிறுத்திட்டேன். கூட்டம் முடிஞ்ச மறுநாள்ளேருந்து இதான். உன் ப்ரோக்ராம் எந்த ஃபைல் காட்னாலும் நெறப்புமில்ல?"

"எத்தன கார்டு வித்தீங்க?"

"நாப்பத்திரண்டு. உங்க கிளார்க்கோட மச்சானும் ஒண்ணு வாங்கிக்கினு போனாரு."

மூன்று ஜிபி வீணாகிறதே என்று வாங்கியவர்கள் கேட்டிருக்கிறார்கள். அழித்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். யாரும் அழிக்கவில்லை. மனிதர்கள் ஒரு ஃபைலை அழிப்பதற்கு முன்னால் அது என்ன என்று கேட்டுப்பார்ப்பார்கள், கேட்டால் தெரிந்த குரல், தெரிந்த குரல் என்றால் அழிக்க மனம் வராது. அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பெயருக்குப் பின்னால் இருக்கும் எண்ணை வைத்து எவனிடம் எவ்வளவு பெரிய கார்டு இருக்கிறது என்று பையன்கள் பந்தயம் வேறு கட்டினார்கள். 'கிராமசபை 158' வைத்திருந்தவன் ஒருவன்தான், அவனுக்கு நல்ல மதிப்பு.

அடுத்த கிராம சபையில் அதிகாரி தீர்மானப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "பரிசீலனையில் உள்ளது என்றுதானே இருக்கிறது" என்றார். பின்வரிசையில் யாரோ போனை எடுத்தார்கள். பிறகு பக்கத்தில் ஒருவர். பிறகு பெண்கள் பக்கத்தில் மூன்று பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் அமுக்கவில்லை. அதனால் அதே அதிகாரி மைதானத்தின் இருபது மூலையிலிருந்து, சில வினாடி இடைவெளி விட்டு விட்டு, பன்னிரண்டு அடி, பன்னிரண்டு அடி என்று வாக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் பெரியப்பாவின் ஆறடி பெண்கள் பக்கத்திலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தது. நடுவில் கோழியும் கூவியது.

கிளார்க் அண்ணன் தன் போனை எடுத்தார். "நம்ம கிட்டயும் கீது சார்" என்றார். "மச்சான் குடுத்தான்."

வேலை அந்த மாதமே ஆரம்பித்தது. முடிந்துவிட்டது என்று சொன்ன அன்று நாலு பேர் பாதையின் தொடக்கத்தில் நின்று டேப் பிடித்தார்கள். பன்னிரண்டு அடி. கைதட்டப் போனார்கள். அக்கா டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு நடக்க ஆரம்பித்தார். இருபது தப்படிக்கு ஒரு இடத்தில் அளந்தோம். கடைசியில் சுடுகாட்டுக்கு நாற்பது அடி முன்னால் கிராவல் நின்றுவிட்டது. அதற்கப்புறம் என் பெரியப்பாவின் வரப்பு, எப்போதும் போல. கல் நடவில்லை.

"தொடக்கத்துல எல்லாக் கார்டும் நல்ல கார்டுதான்" என்றார் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் டேப்பைச் சுருட்டினேன். நாற்பது அடி. சுருட்ட நிறைய நேரம் ஆனது.

அதன்பிறகு நான் ஒன்றுதான் செய்தேன். பெரியப்பா புதுப் போனுக்குக் கார்டு வாங்கி வரச் சொன்னார். அக்கா கடையில் வாங்கி, எதையும் அழிக்காமல் போனில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, "என் குரல் அதுல நல்லா வந்துக்கீது" என்றார். வேலை கிடைத்து நான் பெங்களூர் வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. போன மாதம் பெரியப்பாவின் மகன் ஒரு நேர்முகத் தேர்வுக்காக இங்கே வந்தான். வரும்போது அக்கா கடையில் எனக்கு ஒரு 512 வாங்கிவரச் சொல்லியிருந்தேன். நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே ஊர்க்கதை சொன்னான். அவனுக்குப் பெண் பார்க்கப் பழையசீவரம் போயிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா காப்பி கொடுத்துவிட்டு, பெரியப்பாவின் குரலைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்து, தன் போனை எடுத்து ஏதோ தேடி அமுக்கியிருக்கிறார்.

"நீங்கதான அந்த ஆறடி?"

"அப்பா மூஞ்சியப் பாக்கணுமே" என்றான். "பேஜாராப் போச்சு." பெண் வீட்டில் இன்னும் பதில் சொல்லவில்லையாம். அதற்குமேல் அவன் பேச்சு தேர்வு பற்றிப் போய்விட்டது.

அவன் போன பிறகு கார்டைப் பிரித்தேன். அதே சின்னச் சீட்டு, அதே கையெழுத்து. போனில் போட்டேன். உள்ளே ஒன்றும் இல்லை. மாடும் இல்லை, கிராமசபையும் இல்லை. மறைந்திருக்கிறதா என்று லினக்ஸில் தேடிப் பார்த்தேன். முழுக்கக் காலி.

மணி அடிக்கிற போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கார்டு காலியா கீது."

"நெறச்சுப் பாத்துட்டுத்தான் அழிச்சேன்."

"கடைசி ஒண்ணையுமா?"

"ஆமா. நாப்பது அடியும் போட்டுட்டாங்க. உங்க பெரிப்பா நின்னு கல்லு நட்டாரு."

"நடந்து பாத்தீங்களா?"

"வியாழக்கெழம நடந்தேன். அம்மாவும் வரேன்னுச்சு. நின்னு நின்னு வந்துச்சு, கடசி வரிக்கும்."

"இன்னா சொல்லிச்சு?"

யாரோ கார்டு கேட்டிருப்பார்கள் போல. நாளைக்கு வா என்று அவரிடம் சொல்லிவிட்டு அக்கா திரும்ப வந்தார்.

"ரோடு நல்லாதான் கீதுன்னுச்சு. அப்பால, சரி, வூட்டுக்குப் போலாம், உலை வெக்கணும்னுச்சு."